மஃப்ளர் கட்டிய கரண்டி

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது அந்த வீட்டில் மூன்று பேரும் தரையில் கிடந்தார்கள். அம்மா சோஃபாவுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். மிளகு என்று வீட்டில் கூப்பிடுகிற மகள் அலமாரியின் கீழ்த்தட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா, அதாவது நம் டிசைனர், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். தேடுகிற தாள் வீட்டில் எங்குமே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அரை மணி நேரம் டார்ச் அடித்தார் பாருங்கள், அந்த மனுஷனை என்ன சொல்வது?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவிய டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆளுக்கொரு தின்பண்டத்தைக் கற்பனை செய்ய வேண்டும். அதற்குப் பெயர் வைத்து, சின்னம் வரைந்து, காலி அட்டைப்பெட்டியில் உறை ஒட்டி, கடையில் விற்கிற சாமான் போலவே செய்துகொண்டு வர வேண்டும். முதல் வேலையாக ஒரு தாளில் இருபது கட்டம் போட்டு, இருபது விதமாக வரைந்து பார்த்து, டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மிளகு தன் 'கதகதப்பு சூப்'புக்காகப் பதினாலாவது கட்டத்தில் ஒரு கரண்டியை வரைந்தாள். மூக்கு சிவந்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றிய, சளி பிடித்த கரண்டி. பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே சூப் குடிக்கவும் தோன்றும்.

அதே வாரம், அப்பா வேலை பார்க்கிற அச்சகத்தில் ஒரு சூப் பொடி கம்பெனிக்காக அவர் போட்ட ஏழு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்திருந்தன. சாப்பாட்டு மேஜையில் கிடந்த மகளின் தாளை, சும்மா பார்க்கலாமே என்று பையில் போட்டுக்கொண்டு போனார். கரண்டி கம்பெனிக்குப் போயிற்று, கம்பெனியிலிருந்து கடைக்கும் போயிற்று. மகளிடம் சொல்லிவிடலாம் என்று முதல் நாள் நினைத்தார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று அடுத்த வாரமும் நினைத்தார். இப்படியே இரண்டரை மாதம் ஓடிவிட்டது.

நேற்று வகுப்பில் ஒரு பையன் அந்த சூப் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இவ கடையில இருக்கறதைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கா!" என்று கத்தினான். டீச்சர் பாக்கெட்டையும் மிளகின் பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்குப் பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொன்னார். தான்தான் முதலில் வரைந்தேன் என்பதற்கு மிளகிடம் இருந்த ஒரே சாட்சி அந்த இருபது கட்டத் தாள். அது எப்போதோ தொலைந்துபோனதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி இன்றைய காலை.

"ஸ்கூலுக்கு நான் போறேன்," என்றார் டிசைனர், யாரும் கேட்பதற்கு முன்பே.

"நீங்க போறதுதான் சரி," என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், தலையில் துண்டு கட்டி, ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தொழில்தானே இது. டீச்சருக்குப் புரியற மாதிரி நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நான் லீவு சொல்லிட்டேன். பரண்ல ஏறிப் பாக்கப் போறேன்."

"பரண்ல எப்படிம்மா இருக்கும்?" என்றார் டிசைனர்.

"வேற எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அப்ப பரண்லயும் இருக்கலாம்."

அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாதான். அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார்.

மிளகு வாசலில் பையோடு நின்றாள். ஆள் சின்னது, பேச்சு காரம் என்று வீட்டில் வைத்த பெயர் அது. இன்று காரம் இறங்கிப்போய் முகம் வீங்கியிருந்தது. "அப்பா, நீங்க சொன்னா டீச்சர் நம்புவாங்கப்பா. எங்கப்பா லேபிள் போடறவரு, அவருக்கு எல்லாம் தெரியும்னு நேத்தே சொல்லி வச்சிருக்கேன்," என்றாள்.

"சரிடா," என்றார் அவர்.

பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நேரே அச்சகத்துக்குப் போனார். டிசைன் அறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வெட்டு மேஜை, சுவர் நிறைய வண்ண அட்டைகள். அவருடைய மேஜையின் கடைசி இழுப்பறையில், பழைய ஜாம் லேபிள்களுக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. மூலையில் டீச்சரின் கையெழுத்தும் தேதியும். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதற்காக எடுத்தோம் என்று அவருக்கே புரியவில்லை. கொடுக்கவும் மனமில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

"வாய்யா கரண்டி!" என்று முதலாளி உள்ளே வந்தார். இரண்டு மாதமாக அச்சகத்தில் டிசைனருக்கு அதுதான் பெயர். "சூப்காரங்க இன்னும் நாலு ருசி கொண்டு வராங்களாம். அப்பா கரண்டி, அம்மா கரண்டி, பாப்பா கரண்டின்னு ஒரு குடும்பமே வேணுமாம். உன் மண்டையில எப்படிய்யா உதிச்சது இது?"

"வீட்ல உக்காந்திருந்தப்போ…" என்று இழுத்தார் டிசைனர்.

"அதான்யா வேணும். வேற எவன் படமாவது இதுல ஒட்டிக்கிட்டிருந்தா என்னை உள்ள தள்ளிடுவாங்க. அதுக்குத்தானே உன்கிட்ட கையெழுத்தே வாங்கினேன், முழுக்க என் சொந்தப் படம்னு. இதுல ஏதாவது கோளாறுன்னா உனக்கும் எனக்கும் அன்னியோட சரி." முதலாளி சிரித்தார். "எங்க கிளம்பிட்டே?"

"பொண்ணு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. ஓவிய விஷயமா."

"அடேயப்பா! உன்னைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டிருக்கும்," என்று முதலாளி முதுகில் தட்டினார். அந்தத் தட்டு பஸ் ஏறி இறங்கும் வரைக்கும் முதுகில் உறைத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் போகிற நேரத்தில் அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் புரியாமல் போகக்கூடாது. லேபிள் வரைகிறவர்கள் இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றைச் சற்றே ஏற்றிவிடுவார்கள். மெஷினில் தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் இடைவெளி தெரியாது. நம் ஆள் நேர் எதிர். இரண்டு நிறத்துக்கும் நடுவே நூல் அளவுக்கு வெள்ளை விடுவார். நிறத்துக்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்பார். அந்த அச்சகத்தில் வேறு யாரும் அப்படி வரைவதில்லை. மிளகு நடக்கப் பழகிய நாளிலிருந்து, கடைக்குப் போனால் அந்த வெள்ளை நூலைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய விளையாட்டு. ஜாம் பாட்டிலைத் தூக்குவாள், பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்குவாள், "இது அப்பா! இதுவும் அப்பா!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கூவுவாள்.

நேற்று அந்தப் பையன் தூக்கிக் காட்டிய பாக்கெட்டை அவள் நாலு பெஞ்ச் தள்ளி இருந்துதான் பார்த்தாள்.

பள்ளியின் தாழ்வாரத்தைப் பிள்ளைகள் கடையாக மாற்றியிருந்தார்கள். மேஜைகள்மேல் பலகை போட்டு, அதில் வரிசையாகப் பெட்டிகள். 'மேகப் பால்.' 'கோபக்கார ஜாம்.' 'வீட்டுப்பாடம் பிஸ்கட், தின்றால் தீர்ந்துவிடும்.' ஒரு பெட்டியில் பசை காயாமல் உறை சரிந்திருந்தது. டிசைனர் கை தன்னால் நீண்டு அதை அழுத்திச் சரிசெய்தது. இரண்டாம் தட்டில் ஓர் இடம் மட்டும் காலி. கீழே 'கதகதப்பு சூப்' என்று மகளின் எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"அந்த ஸ்டூல்ல பெயின்ட் காயலை சார், இதுல உக்காருங்க," என்றார் ஓவிய டீச்சர். கொண்டையில் ஒரு பிரஷ் செருகியிருந்தது. மேஜையில் மிளகின் பெட்டியும் கடைப் பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

டிசைனர் பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தார். "டீச்சர், ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரலாம். எங்க தொழில்ல அடிக்கடி நடக்கும்."

"வரலாம் சார். கரண்டி வரலாம், மஃப்ளர் வரலாம். மஃப்ளர் நுனியைப் பாருங்க. இடது பக்கம் மூணு குஞ்சம், வலது பக்கம் ரெண்டு. இதுலயும் அதேதான், அதுலயும் அதேதான். குஞ்சத்தோட எண்ணிக்கை கூடவா ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரும்?"

அவர் எண்ணிப் பார்த்தார். மூன்று, இரண்டு. மகள் கை அவசரத்தில் ஒன்றை விட்டிருந்தாள். அந்தக் குறையைக்கூட விடாமல் அப்படியே போட்டிருந்தார் அவர். இருபது வருஷம் தொழில் பார்த்தவர், ஒரு குஞ்சம் சேர்த்துப் போடத் தோன்றவில்லை.

"ஒண்ணு, அவ கடையில பார்த்துப் போட்டிருக்கணும். இல்லன்னா, அந்தக் கம்பெனிக்காரங்க ஏழாங்கிளாஸ் பொண்ணோட நோட்டைப் பார்த்துப் போட்டிருக்கணும். நீங்களே சொல்லுங்க சார், எது நடக்கும்?"

டிசைனர் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. மகளைத் திருடி என்று சொல்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, திருடிய ஆள் சிரித்தார். சட்டைப் பையில் மடித்த தாள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

"இருபது கட்டத் தாளைக் காட்டுன்னு கேட்டேன். தொலைஞ்சு போச்சுங்கறா. நல்லா வரையற பொண்ணு சார், எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஒத்துக்கிட்டா ஒரு லெட்டர் எழுதி கிளாஸ்ல படிக்கட்டும், இதோட விட்டுடலாம். இல்லன்னா தலைமையாசிரியர் வரைக்கும் போகணும்," என்றார் டீச்சர். ஆளை அனுப்பி மிளகைக் கூப்பிட்டார்.

மிளகு அப்பாவைப் பார்த்ததும் முகம் தெளிந்து உள்ளே வந்தாள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டாள். "சொல்லிட்டீங்களாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீயே பக்கத்துல வச்சுப் பாரும்மா," என்று டீச்சர் பாக்கெட்டை நீட்டினார். கடுமையாகச் சொல்லவில்லை.

மிளகு வாங்கிப் பார்த்தாள். முதலில் எட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சிவப்பு மஃப்ளரும் மஞ்சள் கரண்டியும் சேருகிற இடத்தில் விரல் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டினாள். நகம் வெள்ளையின் வழியே கழுத்தைச் சுற்றி வந்து நின்றது.

டிசைனர் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகு பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். "காப்பிதான் டீச்சர்," என்றாள்.

"என்னம்மா?"

"கடையில பார்த்தேன். பிடிச்சிருந்தது. போட்டுட்டேன். தாள் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னதும் பொய்."

பேச வேண்டிய நேரம் அதுதான். பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார் என்றும் சொல்ல வேண்டும், அந்த அளவுக்கு நியாயம் அவருக்குச் செய்துவிடுவோம். ஆனால் உள்ளே முதலாளியின் குரல் 'அன்னியோட சரி' என்றது. வாயை மூடிக்கொண்டார். டீச்சர் ஒரு தாளை எடுத்துக் கொடுக்க, மிளகு நின்றபடியே ஏழு வரி எழுதினாள். எழுதி முடித்ததும் டீச்சர் தாளை இவர் பக்கம் தள்ளினார்.

"கீழ பெற்றோர் கையெழுத்து சார்."

கையெழுத்துப் போட்டார். ஆமாம், போட்டார். 'நான் இன்னொருவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டேன், வெட்கப்படுகிறேன்' என்று மகள் எழுதியதற்குக் கீழே, அழகாக, தேதியோடு போட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் மிளகு கடிதத்தோடு இரண்டடி முன்னால் நடந்தாள். கோபக்கார ஜாமுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

"நூல் விட்டிருக்கீங்கப்பா," என்றாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் யாராவது கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்றுதான் பயந்திருந்தார். கண்டுபிடிக்கிற ஆள் இவளாக இருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"மிளகு, நான் வந்து…"

"சொன்னா உங்க வேலை போயிடுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலை தன்பாட்டுக்கு ஆடியது, ஆமாம் என்று.

"ம்," என்றாள் மிளகு. "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், காப்பிதான் அடிச்சேன்னு. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. நான் கிளாஸ்ல போய் இதைப் படிச்சிட்டு வந்துடறேன்."

பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை, வீட்டுக்குப் பெரியவர் மாதிரி பேசிவிட்டு வகுப்பைப் பார்க்கப் போனாள். அவர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். போன் அடித்தது.

"என்னங்க, டீச்சர் என்ன சொன்னாங்க?" மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "பரண்ல இல்ல. பரவாயில்ல விடுங்க. நான் வேற ஒரு வேலை பண்ணேன். கீழக் கடையில போய் அந்த சூப் பாக்கெட் ஒண்ணு வாங்கி, பின்னாடி இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எம் பொண்ணு படத்தை உங்க ஆளு எவனோ எடுத்திருக்கான்னு பிடிபிடின்னு பிடிச்சேன். வரைஞ்சவன் யாருன்னு விசாரிச்சு சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்னாங்க. பேர் மட்டும் தெரியட்டும். ஒரு சின்னப் பொண்ணு படத்தை எடுத்துட்டு, அவனால எப்படிங்க சோறு இறங்குது?"

"தெரியலை," என்றார் அவர்.

"ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? குழந்தை அழுதாளா?"

"இல்ல. அழலை," என்று போனை வைத்தார். அவள் அழாததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. சாயங்காலம் எப்படியும் தெரியத்தான் போகிறது என்பதால் அவருக்குத் துணிச்சல் வந்தது என்று வேண்டாதவர்கள் சொல்லலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எப்படியோ, திரும்பி நடந்தார்.

டீச்சர் மேஜையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். டிசைனர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்து, கையால் தேய்த்து மேஜைமேல் வைத்தார். பதினாலாவது கட்டத்தில் கரண்டி. மூன்று குஞ்சம், இரண்டு குஞ்சம். மூலையில் டீச்சரின் கையெழுத்து, இரண்டரை மாதத்துக்கு முந்தைய தேதி.

"இது அவளோட தாள். எடுத்தது நான். பாக்கெட்டை வரைஞ்சதும் நான்தான் டீச்சர். அவ காப்பி அடிக்கலை. என்னைக் காட்டிக் கொடுக்க மனசில்லாம அப்படிச் சொல்லிட்டா," என்றார்.

டீச்சர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தன் கையெழுத்தைப் பார்த்தார். ஈரப் பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுல நான் கையெழுத்து வேற போட்டிருக்கேன்," என்றார் மெதுவாக. "ஒரே நாள்ல இருநூறு தாள் சார். பார்க்காமலே போட்டிருக்கேன். பார்த்திருந்தா இந்தக் கரண்டியை மறந்திருக்க மாட்டேன்."

"அந்த லெட்டரைக் கிழிச்சுடுங்க டீச்சர்."

"லெட்டர் என்கிட்ட எங்க சார் இருக்கு? இந்நேரம் அவ படிச்சிட்டிருப்பா." டீச்சர் எழுந்தே விட்டார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வாங்க."

வகுப்பு வாசலுக்கு அவர்கள் வந்தபோது மிளகு கரும்பலகைக்கு முன்னால் நின்று கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். "…வெட்கப்படுகிறேன்," என்று முடித்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேர் கை தட்டினார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. "குட் மார்னிங் சார்!" என்று முப்பத்தேழு குரல் ஒன்றாகக் கத்தின. தன் வாழ்நாளில் கிடைத்த எந்த மரியாதையும் அவரை இப்படிக் கூச வைத்ததில்லை. மிளகு அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மிக லேசாக அசைத்தாள்.

"உக்காருங்க," என்றார். உட்கார்ந்தார்கள். "நான் இவளோட அப்பா. லேபிள் வரையறவன். இவ இப்ப படிச்சது உண்மை இல்ல. இந்தக் கரண்டியை யோசிச்சது இவ. எனக்கு யோசனை வரலை. அதனால இவ தாளை, இவகிட்ட கேக்காம எடுத்துட்டுப் போய், நான் வரைஞ்சதுன்னு சொல்லி வித்துட்டேன். நேத்து நீங்க இவளைச் சொன்ன வார்த்தை எல்லாம் என்னைச் சொல்ல வேண்டியது."

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். நேற்று பாக்கெட் கொண்டுவந்த அதே பையன்.

"சார், அப்ப நீங்க லெட்டர் எழுதலையா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவனை உட்காரச் சொல்லவும் இல்லை.

"எழுதறேன்," என்றார் டிசைனர். "யாருக்கு எழுதணும்னு சொல்லு, எழுதறேன்."

பையன் மிளகைப் பார்த்தான். வகுப்பு மொத்தமும் மிளகைப் பார்த்தது. அவள் தன் கையிலிருந்த கடிதத்தின் அடியில், அப்பாவின் கையெழுத்து இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் கண்ணில் வந்து நின்றது.

"எனக்கு வேணாம்," என்றாள். "அம்மா வீட்ல இன்னும் தேடிட்டு இருக்காங்க. முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஓவிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் அங்கேயே நின்றார். அவர் எப்போது போவார் என்று வகுப்பு காத்திருந்தது.